ஒருபொருட் பன்மொழியார்

திருத்தணி ம.பொ.சி. சாலைப் பக்கம் ஜெராக்ஸ், டிடிபி, லேமினேஷன் என்று போர்டு வைத்த கடைகளுக்குக் குறைவில்லை. அதில் ஏதாவது ஒன்றில், கம்ப்யூட்டர் பக்கத்தில் அட்டை கிழிந்த அகராதியோடு ஒருவர் உட்கார்ந்திருந்தால் அவர்தான் நம்மாள். "அப்படியே வேணும்னா ஜெராக்ஸ். வேற மாதிரி வேணும்னா பக்கத்துக்கு முப்பது ரூபா" என்பார். முன்னது நகல், பின்னது படைப்பு என்பது அவர் கட்சி.

சொந்தமாக நாலு வரி எழுதுங்கள் என்றால் எழுதமாட்டார். யாராவது எழுதியதைக் கொடுத்தால் விடமாட்டார். 'சாலை' என்று கண்டால் கை தானாக 'வீதி' என்று போடும். 'வீதி' என்றே எழுதிக்கொண்டு போனால் அது 'சாலை' ஆகும். தமிழ் தீர்ந்தால் வடமொழி, அதுவும் தீர்ந்தால் தெலுங்கு. 1960 ஏப்ரல் 1-ல் ஊர் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்துவிட்டது. சொற்கள் மட்டும் இன்றைக்கும் நகரி பஸ்ஸில் போய் வந்துகொண்டிருக்கின்றன. இது காப்பிதானே என்று யாராவது கேட்டால், மலையைப் பார்த்துக் கை நீட்டுவார். "கந்தன், குமரன், வேலன், குகன்னு ஒரே சாமிக்கு எத்தனை பேரு? அதுக்காக மேல இருக்கறவரு டூப்ளிகேட்டா?"

அவருடைய வீச்சு மனுக்களில் தெரியும். ஒரு தெருவே சேர்ந்து பள்ளத்தைப் பற்றி மனு கொடுக்க வந்தது. எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் எவன் மதிப்பான் என்று ஆளுக்கொரு பள்ளம் தோண்டிக் கொடுத்தார். சாலையில் பள்ளம், வீதியில் குழி, மார்க்கத்தில் கிடங்கு, பாதையில் பாதாளம். கிடங்கு மனு, தெருவுக்கு ஏற்கெனவே கிடங்கு இருப்பதாகப் பதிலோடு திரும்பி வந்தது. பாதாள மனு, பாதாளச் சாக்கடையைக் கவனிப்பவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. பள்ளம் அப்படியே இருந்தது. "ஒரு பள்ளத்துக்கு எத்தனை டிபார்ட்மெண்ட் அசைஞ்சது பாத்தீங்களா?" என்றார்.

இரங்கல் போஸ்டர் வாசகமும் அவரிடம் தப்பாது. எல்லாரும் 'ஆழ்ந்த இரங்கல்' போடுகிறார்களே என்று ஒரு வீட்டுக்குக் 'குழிவான இரங்கல்' போட்டுக் கொடுத்தார். அதற்கு மட்டும் காசு வரவில்லை.

இப்போது வருமானம் ஆராய்ச்சி மாணவர்களால். யுஜிசியின் 2018 விதிப்படி ஆய்வேட்டில் பத்து சதவீதம் வரை பிறர் எழுத்தோடு ஒத்துப்போனால் மன்னிப்பு. பத்துக்கு மேல் நாற்பது வரை திருத்தி ஆறு மாதத்துக்குள் மறுபடி கொடுக்க வேண்டும். அறுபதைத் தாண்டினால் பதிவே ரத்து. திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பப்பட்ட நடுக் கூட்டம்தான் அவரிடம் வருகிறது. இந்த மண்ணில் பிறந்த டாக்டர் இராதாகிருஷ்ணனைப் பற்றி ஒரு பெண் ஆய்வேடு கொண்டுவந்தார். மறுநாள் அதில் ஆசிரியர் தினம் 'குரவர் நாள்' ஆகியிருந்தது. இரண்டாவது குடியரசுத் தலைவர், 'இரண்டாம் குடியரசுச் சிரத்தார்'. 1888 செப்டம்பர் 5-ஐ மட்டும் வெகுநேரம் முறைத்துப் பார்த்தாராம். தேதிக்கு வேறு சொல் கிடையாதே! கடைசியில் எழுத்தால் எழுதி மனதைத் தேற்றிக்கொண்டார்.

அந்த இராதாகிருஷ்ணனே இப்படி ஒரு காப்பி வழக்கைப் பார்த்தவர். தன் ஆய்வேட்டிலிருந்து எடுத்துக்கொண்டார் என்று 1929-ல் ஜதுநாத் சின்ஹா என்பவர் 'மாடர்ன் ரிவியூ' பத்திரிகையில் குற்றம் சாட்ட, இவர் மறுக்க, இரு தரப்பும் கோர்ட்டுக்குப் போய், 1933-ல் சமரசமாக முடிந்தது. நம்மாளிடம் சொன்னேன். "ரெண்டு பேரும் என்கிட்ட வந்திருந்தா கோர்ட்டுக்கே போயிருக்க வேணாம் சார்."

ஒரு பொருளுக்குப் பல சொல் அடுக்கி மண்டலபுருடர் சூடாமணி நிகண்டைச் செய்தது, எதுகைக்கு ஒரு சொல் போதாமல் தவித்த புலவர்களுக்காக. சாஃப்ட்வேருக்கு டிமிக்கி கொடுக்க அல்ல. ஆனால் டிமிக்கி கொடுப்பதில் நம்மாள் தனி ஆளில்லை. 2021-ல் கியோம் கபனாக் என்ற பிரெஞ்சு ஆய்வாளரும் கூட்டாளிகளும் அறிவியல் கட்டுரைகளைத் துழாவினார்கள். மெஷினை வைத்துச் சொல் மாற்றியதில், செயற்கை நுண்ணறிவு 'கள்ளப் பிரக்ஞை' என்ற பொருளிலும், மார்பகப் புற்றுநோய் 'நெஞ்சப் பேராபத்து' என்ற பொருளிலும் ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தன. சித்திரவதைச் சொற்றொடர்கள் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நம்மாளுக்கு வெட்கம் வரும் என்று பார்த்தேன். "நெஞ்சப் பேராபத்து நல்லா இருக்கே" என்று நோட்டில் குறித்துக்கொண்டார்.

போன ஆடிக் கிருத்திகைக்குப் போனபோது, காவடிக் கூட்டத்தையும் கவனிக்காமல் கொதித்துக்கொண்டிருந்தார். அவர் போர்டில் 'விரைவாக, தெளிவாக, மலிவாக' என்று இருக்கும். எதிரே புதிதாக வந்த கடையில் 'துரிதமாய், துலக்கமாய், சகாயமாய்' என்று போர்டு.

"திருட்டுப் பய சார்! அதுல ஒரு வார்த்தைகூட என்னோடது இல்ல. ஆனா மொத்தமும் என்னோடது!"