கெட்டிமேளத்தில் கைவிடும் ட்ரிக்கரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

திருநின்றவூர் சுற்றுவட்டாரத்தில் கல்யாண போட்டோ எடுக்கும் தம்பிகளுக்காக எழுதியது இது. கேமராவின் தலையில் ஃபிளாஷைச் செருகி, பெண்ணின் முகத்தில் நேராக அடித்துவிட்டுப் போகிற காலம் மலையேறிவிட்டது. இப்போது ஆல்பத்தைப் புரட்டும் பெண் வீட்டாரே, “பின்னாடி லைட் வரலையே தம்பி” என்று கேட்கிறார்கள். ஆகவே ஃபிளாஷை ஸ்டாண்டில் ஏற்றி மேடை ஓரத்தில் நிறுத்த வேண்டும். அதை எரியவைக்கக் கேமராவின் தலையில் ஒரு ட்ரிக்கர் வேண்டும். நல்ல ட்ரிக்கர் எது என்று சொல்ல ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். காலையிலிருந்து ஒழுங்காக வேலை செய்துவிட்டு, தாலி கட்டும் நேரத்தில் மட்டும் தவறாமல் கைவிடுகிற ட்ரிக்கரைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று யாருமே சொல்லித் தருவதில்லை.

முதலில், பெட்டியின் மேல் போட்டிருக்கும் தூரத்தைப் படியுங்கள். வேறு எதையும் படிக்காதீர்கள். ஒன்றில் 100 மீட்டர், இன்னொன்றில் 200 மீட்டர் என்று இருந்தால் யோசிக்கவே வேண்டாம், 200-தான். சி.டி.எச். ரோட்டில் உள்ள ஏதாவது ஒரு மண்டபத்தில், மணவறையில் டேப்பின் நுனியைப் பிடித்து 100 மீட்டர் அளந்துகொண்டே போனால், பந்தியையும் கை கழுவும் இடத்தையும் தாண்டி ரோட்டுக்கு வந்து நிற்பீர்கள். கேமராவுக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவே இருக்கப்போவதோ பதினைந்து, இருபது அடி. இருக்கட்டுமே. நெமிலிச்சேரி ஸ்டேஷனில் நின்றுகொண்டு திருநின்றவூர் மணப்பெண்ணைப் படமெடுக்கச் சொல்லி நாளைக்கே யாராவது கேட்டால் உதவும்.

தூரத்தில் ஓடுகிற சாமான் பக்கத்தில் வைத்தால் திணறும் என்ற விஷயமும் உங்கள் காதில் விழக்கூடாது. ஒரு கையில் கேமராவும் மறு கையில் ஃபிளாஷுமாக நின்றால் இரண்டுக்கும் இடைவெளி ஒரு மீட்டர்கூட இராது; அவ்வளவு பலமான சிக்னலை வாங்க முடியாமல் ஃபிளாஷ் சில சமயம் விழிக்கும். இதற்காகவே கோடாக்ஸ் எக்ஸ்புரோ ட்ரிக்கரின் மெனுவில் தூரத்துக்கென்று ஒரு இடம் வைத்திருக்கிறார்கள்: 1–100 மீட்டர், 0–30 மீட்டர் என்று இரண்டு. மண்டபத்துக்கு இரண்டாவது போதும். நீங்கள் அந்த மெனுவைத் திறக்காமலே இருப்பது நம் நோக்கத்துக்கு நல்லது.

அடுத்தது பொருத்தம். பத்துப் பொருத்தம் பார்த்துச் செய்கிற கல்யாணத்தில்தான் நமக்குப் பிழைப்பு. ஆனாலும் ட்ரிக்கருக்கும் கேமராவுக்கும் நாம் ஒரு பொருத்தமும் பார்ப்பதில்லை. ஒரே பெயரில் வரும் ட்ரிக்கருக்கு வால் மட்டும் மாறும்: சி என்றால் கேனன், என் என்றால் நிக்கான், எஸ் என்றால் சோனி. ட்ரிக்கர் உட்காரும் ஹாட் ஷூவில் உள்ள சின்னப் புள்ளிகள் கம்பெனிக்குக் கம்பெனி இடம் மாறும். நடுவில் இருக்கும் பெரிய புள்ளிதான் ஏறக்குறைய எல்லாருக்கும் பொது. ‘எரி’ என்ற ஒரே உத்தரவு அதன் வழியாகப் போகும். மலிவு ட்ரிக்கர்களுக்கு அந்த ஒரு புள்ளி மட்டும்தான் தெரியும்.

இங்கேதான் கேனன் நமக்குக் கை கொடுத்தது. 2018-இல் வந்த 1500டி, 3000டி, மறுவருடம் வந்த 200டி மார்க் 2 ஆகிய மூன்றிலும் அந்த நடுப்புள்ளியையே எடுத்துவிட்டது. தவணையில் முதல் கேமரா வாங்கும் தம்பிகள் பலருக்கு 1500டிதான் தலைச்சன் பிள்ளை. ஒற்றைப் புள்ளி ட்ரிக்கரை அதில் செருகிப் பாருங்கள்: கச்சிதமாக உட்காரும். விளக்கு எரியும். டெஸ்ட் பட்டனை அமுக்கினால் ஃபிளாஷ் பளிச்சென்று அடிக்கும். ஷட்டரை அமுக்கினால் மட்டும் ஒன்றும் நடக்காது. கடைக்காரரும் டெஸ்ட் பட்டனைத்தான் அமுக்கிக் காட்டுவார். அவர் கடமை அதோடு முடிந்தது. கேனனுக்கென்றே செய்த சில ட்ரிக்கர்கள் மிச்சமுள்ள நாலு புள்ளிகளின் வழியாகவே சேதியை வாங்கிக்கொள்ளும். “1500டிக்கு ஓடுமா?” என்று கேட்டால் தெரிந்துவிடும் விஷயம். ஆகையால் கேட்காதீர்கள். உங்கள் கேமராவைக் கடைக்கு எடுத்துப் போகவும் வேண்டாம்.

கண்ணாடியில்லாத புதுக் கேமரா வைத்திருப்பவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. மந்திரம் ஓதும்போது சத்தம் வரக்கூடாதே என்று சைலன்ட் ஷட்டரைப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த நிலையில் பெரும்பாலான கேமராக்கள் ஃபிளாஷுக்கு உத்தரவே கொடுக்காது. ஐயருக்கும் தொந்தரவில்லை, ஃபிளாஷுக்கும் ஓய்வு.

அலைவரிசையைப் பற்றி இரண்டு வார்த்தை. கம்பியில்லாமல் தூரத்தில் உள்ள பொருளைப் பற்றவைப்பது நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1895 வாக்கில் கல்கத்தா டவுன் ஹாலில் ஜகதீச சந்திர போஸ் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த மணியை அடிக்கவைத்து, வெடிமருந்தையும் கொளுத்திக் காட்டினார். மக்னீசியப் பொடியைக் கொளுத்திப் படமெடுத்த காலம் அது. யாராவது ஒரு போட்டோகிராபர் அவரை முகூர்த்தத்துக்கு அழைத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு அப்போதே வேலை வந்திருக்கும்.

இப்போது கடையில் இரண்டு வகை. பழைய மலிவு வகை 433 மெகாஹெர்ட்சில் ஓடும். கார் சாவி ரிமோட்டும் அந்த வட்டாரம்தான். அந்த டப்பாக்கள் சிலவற்றுக்கு விரல் நுனி அளவுள்ள 12 வோல்ட் செல் போட வேண்டும். அது தீர்ந்தால் முகூர்த்த நாள் விடியற்காலையில் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்காது. ரிச்சி தெருவில் கிடைக்கும், அதுவும் கடை திறந்த பிறகு. புது வகை 2.4 கிகாஹெர்ட்ஸ். 2005 முதல் நம் நாட்டில் குறைந்த சக்திக் கருவிகளுக்கு அதில் லைசென்ஸ் தேவையில்லை. லைசென்ஸ் வேண்டாம் என்றால் நம்மவர்கள் விடுவார்களா? வைஃபை, புளூடூத், ஹெலிகேம் ரிமோட், எல்லாமே அங்கேதான் குடித்தனம்.

ஆனால் நமக்கு முழு மனதோடு ஒத்துழைப்பது இவை எதுவுமல்ல, சொந்தபந்தங்கள்தான். மனித உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர்; 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் நன்றாகவே விழுங்கும். காலை முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்த கூட்டம், “கெட்டிமேளம், கெட்டிமேளம்” என்றதும் ஒரே நேரத்தில் எழுந்து, அட்சதையோடு மேடையை நெருக்கி நிற்கும். கேமராவுக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவே இரண்டு வரிசை சித்தப்பா, மூன்று வரிசை அத்தை. ஒத்திகையில் நூறு முறை அடித்த ஃபிளாஷ் அந்த நேரத்தில் அடிக்காததற்கு இதுவும் ஒரு காரணம். ஸ்டாண்டை எட்டடி உயரத்துக்கு ஏற்றி, தலைகளுக்கு மேலே கேமராவைப் பார்க்கிற மாதிரி வைத்தால் காரியம் கெட்டுவிடும், அதாவது ஃபிளாஷ் எரிந்துவிடும். நாதஸ்வரக்காரருக்குப் பின்னால், இடுப்பு உயரத்தில் வையுங்கள்.

சேனல் விஷயத்தில் எதையும் மாற்றாதீர்கள். கம்பெனியிலிருந்து வரும்போது சேனல் 1-இல் வரும். அப்படியே விடுவதுதான் மரியாதை. பெண் வீட்டுக்கு ஒரு டிரடிஷனல், ஒரு கேண்டிட். மாப்பிள்ளை வீட்டுக்கும் அதேபோல் இருவர். நாலு பேரிடமும் பெரும்பாலும் ஒரே கம்பெனி ட்ரிக்கர். அவர் அமுக்கினால் உங்கள் ஃபிளாஷ் எரியும், நீங்கள் அமுக்கினால் அவருடையது. அவர் அடித்து முடித்த அடுத்த நொடி உங்கள் ஃபிளாஷ் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். நீங்கள் அமுக்கும்போது எரியாது. பக்கத்து மண்டபத்திலும் முகூர்த்தம் என்றால் சுவரைத் தாண்டியும் இந்தப் பரிமாற்றம் நடக்கலாம்.

இந்த ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு முன்னுதாரணம் உண்டு. கையில் காசில்லாத பூசலார் இங்கே மனதுக்குள்ளேயே சிவனுக்குக் கோயில் கட்டி, குடமுழுக்குக்கு நாள் குறித்தார். காஞ்சியில் கல்லால் பெரிய கோயில் எழுப்பிய பல்லவ அரசனும் அதே நாளைத்தான் குறித்திருந்தான். சிவன் அரசனின் கனவில் வந்து, நாளை நான் நின்றவூரில் இருப்பேன், நீ வேறு நாள் பார் என்று சொல்லிவிட்டார் என்கிறது பெரியபுராணம். இருதயாலீஸ்வரர் கோயில் அந்தக் கதைக்கு இன்றும் சாட்சி. இரண்டு பேர் ஒரே சேனலில் மோதியபோது மாற்றிக்கொண்டது ராஜா. நம் தொழிலில் பெரிய கேமரா வைத்திருப்பவர் மாற்ற மாட்டார், சின்னக் கேமரா வைத்திருப்பவருக்கு எப்படி மாற்றுவது என்று தெரியாது. கோடாக்ஸில் 32 சேனல் இருக்கிறது; போதாதென்று ஐ.டி. என்று 1 முதல் 99 வரை இன்னொரு பூட்டும் உண்டு. நாலு போட்டோகிராபர்களுக்குத் தாராளமாகப் போதும்.

ட்ரிக்கருக்கே காசு செலவழிக்க மனமில்லாதவர்களுக்கு ஸ்லேவ் என்ற வழி இருக்கிறது. வேறு ஃபிளாஷ் அடிப்பதைப் பார்த்துத் தானும் அடிக்கும் குணம். யார் அடித்தாலும் அடிக்கும். எதிர்முகாம் ஆள் எடுக்கும் ஒவ்வொரு படத்துக்கும் உங்கள் பேட்டரியில் இலவச வெளிச்சம். அவர் ஆல்பம் பிரமாதமாக வரும்.

பேட்டரிக்கு வருவோம். சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிற மலிவு செல் நாலை ஃபிளாஷில் போட்டு, சக்தியை 1/1-இல் வையுங்கள். ஒருமுறை அடித்தால் மறுபடி நிரம்பப் பல நொடிகள் பிடிக்கும். அதற்குள் மூன்று முடிச்சும் விழுந்துவிடும். ஃபிளாஷோடு இணைந்த ரிசீவரில் சிவப்பு விளக்கு மினுங்கிக்கொண்டே இருக்கும், ஃபிளாஷ் மட்டும் அடிக்காது. இப்படி ஆனால் சிக்னல் வந்துவிட்டது, வயிற்றில் ஒன்றுமில்லை என்று அர்த்தம். பார்ப்பவர்கள் ட்ரிக்கரைத்தான் திட்டுவார்கள். ரீசார்ஜ் செல் போட்டு, ஐ.எஸ்.ஓ.வை 800-க்கு ஏற்றி, ஃபிளாஷை 1/8-க்கு இறக்கியவர்கள் அட்சதை விழுகிற ஒவ்வொரு கணத்தையும் எடுத்துவிடுகிறார்கள். அவர்களோடு சேராதீர்கள்.

டி.டி.எல். உள்ள ட்ரிக்கர்தான் வேண்டும் என்று அடம்பிடியுங்கள். கேமராவே வெளிச்சத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளும் ஏற்பாடு அது. வெள்ளைப் பட்டு வேட்டியைப் பார்த்தால் வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் குறைக்கும், அரக்குச் சேலையைப் பார்த்தால் கூட்டும். மாப்பிள்ளை கறுப்பாகவும் பெண் வெளுத்தும் வருவதன் ரகசியம் இதுதான், பியூட்டி பார்லர் அல்ல. ஓடி ஓடி எடுக்கும் ஊர்வலத்தில் அது உதவும். ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கும் மணமக்களுக்கு மேனுவல் போதும். ஷட்டரை மட்டும் 1/500-க்கு ஏற்றிவிடுங்கள். சாதாரண ட்ரிக்கர் 1/200, 1/250-க்கு மேல் தாங்காது. படத்தில் பட்டையாகக் கறுப்பு விழும். ஏரிக்கரையில் மாலை வெயிலை எதிர்த்து அவுட்டோர் எடுப்பவருக்குத்தான் ஹைஸ்பீடு சிங்க் தேவை. அதற்கு உள்ளூர் ஏரி இருக்கிறது, தண்டவாளத்தில் நிற்க வைக்காதீர்கள். ரயில்வே சட்டம் 147-ஆம் பிரிவில் அபராதமும் உண்டு, சிறையும் உண்டு.

கடைசியாக லைட் பிடிக்கும் பையன். அவனுக்குச் சாப்பாடு போடாமல், எந்த ஃபிளாஷ் எந்தக் குரூப் என்று சொல்லாமல், காலை நாலு மணிக்கு எழுப்பி நிறுத்துங்கள். ஹாட் ஷூவில் ஒட்டிய வியர்வையைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் துடைக்கிற, ட்ரிக்கரின் வளையத்தைத் திருகி இறுக்குகிற, ஸ்டாண்டின் காலில் மணல் மூட்டை வைக்கிற பையன் கிடைத்துவிட்டால், எவ்வளவு மட்டமான ட்ரிக்கரும் வேலை செய்யத் தொடங்கிவிடும். நீங்கள் தேடித் தேடிச் செய்த தேர்வெல்லாம் வீண்.

இத்தனையும் படித்த பிறகும் ஃபிளாஷ் எரியத்தான் வேண்டும் என்று நினைக்கிற பிடிவாதக்காரர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ட்ரிக்கரில் பணம் மிச்சம் பிடிக்கலாம், தப்பில்லை. உங்கள் கேமராவின் ஷட்டரை அமுக்கி எரிகிறதா என்று பார்த்து வாங்குங்கள், ஃபிளாஷும் ட்ரிக்கரும் ஒரே கம்பெனியாக இருக்கட்டும். மாப்பிள்ளை அழைப்பு முடிந்ததும் எதிர்த்தரப்பு போட்டோகிராபரிடம் ஒரு டீயோடு போய், “அண்ணே, நீங்க எந்த சேனல்?” என்று கேளுங்கள். அவர் ஒன்று என்றால் நீங்கள் வேறு எண்ணுக்குப் போய்விடுங்கள்.