பூதம் விழுங்க மறந்தவன்

பூம்புகாரில் ஒரு சதுக்கப் பூதம் இருந்ததாம். போலித் துறவி, பொய்ச்சாட்சி, புறம் பேசுகிறவன், துரோக அமைச்சன் என்று ஆள் பார்த்துக் கயிறு வீசிப் பிடித்துத் தின்னும் என்கிறது சிலப்பதிகாரம். அந்தப் பட்டியலில் மீனுக்கு மருந்தடிக்கிறவன் இல்லை. இளங்கோவடிகளைக் குறை சொல்ல முடியாது. அன்றைக்கு ஏது ஃபார்மலின்?

இன்றைக்கு இருக்கிறது. பிணத்தைக் கெடாமல் வைக்கிற அதே சரக்கு. 2018 ஜூனில் கேரள அதிகாரிகள் எல்லைச் சாவடிகளில் லாரிகளை மடக்கி, அது கலந்த மீனை டன் கணக்கில் பிடித்தார்கள். அடுத்த மாதமே சென்னைச் சந்தை மீனிலும் சோதனையில் சிக்கியது.

காலையில் பூம்புகார்க் கரையில் இறங்குகிற மீனுக்கு மருந்து எதற்கு? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கட்டிக் கிடக்கிற 61 நாளில், வெளியூர் லாரியில் வருகிறதே, அதைத்தான் விசாரிக்க வேண்டும்.

விசாரிக்க வேண்டியது யார்? நீங்கள்தானாம். ‘பார்த்து வாங்குங்கள்’ என்று துண்டறிக்கை கொடுத்தாயிற்று. செவுளைத் தூக்கினால் ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும், கண் பளிச்சென்று துருத்த வேண்டும், அழுத்தினால் குழி விழக் கூடாது. மருந்து மீனும் குழி விழாது, கட்டையாக விறைத்திருக்கும். கண் மங்கி, செவுள் வெளுத்து, கவிச்சியே இல்லாமல் கிடந்தால் சந்தேகப்படுங்கள். ஈயும் அண்டாது என்பார்கள். லீவு கேட்காத, மாமூல் வாங்காத ஒரே உணவு ஆய்வாளர் அந்த ஈதான்.

சம்பளம் வாங்கும் ஆய்வாளர்கள் மீன் மாதிரி எடுத்தால், அறிக்கைக்குச் சட்டம் தரும் அவகாசம் 14 நாள். நல்ல மீன் அதற்குள் நாறிவிடும். மருந்து மீன் மட்டும் அலுங்காமல் காத்திருக்கும். சில நிமிடத்தில் காட்டிக்கொடுக்கும் சோதனைத் தாளைக் கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் 2018-லேயே வெளியிட்டுவிட்டது. எந்த மீன் சந்தையில் அதைக் கண்டீர்கள்?

தண்டனையையும் கேளுங்கள். பாதுகாப்பற்ற உணவை விற்று, தின்றவனுக்குக் கேடு நேரவில்லையென்றால் 6 மாதம் வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம் என்றது 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம். 2023-இல் அதைத் திருத்தினார்கள்: சிறை 3 மாதம், அபராதம் 3 லட்சம். கம்பி எண்ணுவதைக் குறைத்துக் காசு எண்ணுவதைக் கூட்டியிருக்கிறார்கள். கேடு நேர்ந்தாலும், இருபது வருஷம் கழித்து வருகிற புற்றுநோய்க்கு எந்த மீன் காரணம் என்று எந்தக் கோர்ட்டில் போய் நிரூபிப்பது?

மயிலாடுதுறை மாவட்டத்து அதிகாரிகளே, மீன் லாரி விடிவதற்கு முன்பே வந்துவிடுகிறது. உங்கள் அலுவலகம் திறப்பது காலை பத்து மணிக்கு. ஒரு நாளாவது அந்தச் சோதனைத் தாளோடு முன்கூட்டி வந்து நில்லுங்கள்.