ஒன்றரை அங்குல ஓரம்: நிலவியல் ஆய்வேடு தயாரிப்போருக்குச் சில யோசனைகள்

நாமக்கல் பக்கம் வெயிலில் காய்ந்து, வேலிக்காத்தான் முள்ளில் சட்டையைக் கிழித்துக்கொண்டு, சாக்கு சாக்காகக் கல் சுமந்து வந்திருப்பீர்கள். அந்தக் கல்லுக்கு வயது 250 கோடி ஆண்டுகள் இருக்கும். இருக்கட்டும். உங்கள் தீசிஸைக் கையில் வாங்குகிறவர் முதலில் பார்ப்பது இடது பக்க ஓரத்தைத்தான். ஒன்றரை அங்குலம் இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்தே பார்ப்பவர்கள் உண்டு. ஓரத்தைப் பற்றிக் கருத்துச் சொல்ல ஜியாலஜி தெரிந்திருக்க வேண்டியதில்லை. பல்கலைக்கழக ஆய்வுப் பிரிவின் எழுத்தர், அவருடைய கண்காணிப்பாளர், உங்கள் கைடு, பைண்டிங் கடைக்காரர் ஆகிய நால்வரும் மனமொத்துப் போகும் ஒரே விஷயம் அது. எனவே எழுத்துரு டைம்ஸ் நியூ ரோமன், அளவு 12, வரி இடைவெளி ஒன்றரை. இதில் மட்டும் ஆராய்ச்சி மனப்பான்மை வேண்டாம்.

முதல் அத்தியாயம் எளிது. ஆய்வுப் பகுதிக்கு எப்படிப் போவது, பக்கத்தில் எந்த ரயில் நிலையம், எத்தனை கிலோமீட்டர், பஸ் உண்டா என்பதை விரிவாக எழுதுங்கள். யாராவது உங்கள் தீசிஸைக் கையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுவார்கள் என்று எதிர்பார்க்கிறோமோ என்னவோ, இந்தப் பகுதி இல்லாத ஆய்வேடு கிடையாது. பிறகு மழையளவு, மண்வகை, பயிர்கள், காட்டு விலங்குகள். கார்னெட்டுக்கும் காட்டுப்பன்றிக்கும் என்ன தொடர்பு என்று கேட்காதீர்கள்; உங்கள் சீனியர் எழுதியிருக்கிறார், அவருடைய சீனியரும் எழுதியிருக்கிறார். சிக்கல் வருவது மென்பொருளில் ஏற்றும்போதுதான். 2018-ஆம் ஆண்டு யுஜிசி விதிப்படி ஒற்றுமை 10 சதவீதம் வரை பொறுத்துக்கொள்வார்கள், 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. ஒரே மாவட்டத்தில் ஆய்வு செய்த எல்லோருக்கும் பெய்த மழை ஒன்றுதானே? அதை ஒவ்வொருவரும் வேறு வேறு சொற்களில் பெய்ய வைக்க வேண்டியிருக்கிறது. முனைவர் பட்டத்துக்கு உண்மையான மொழிப் பயிற்சி இங்கேதான் கிடைக்கிறது.

முன்னோர் ஆய்வுகள் பகுதியில், சார்னோக்கைட் பற்றியது என்றால், தாமஸ் ஹாலந்தில் தொடங்குங்கள். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லைப் பார்த்து, அது நம் பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துப் பாறைதான் என்று கண்டு, அந்த ஆளின் பெயரையே பாறைக்கு வைத்த கதை. 1900-இல் வந்த அவருடைய நினைவேட்டை நீங்கள் திறந்து பார்த்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. பார்த்தவரைப் பார்த்தவரைப் பார்த்தவர் எழுதியதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அதைத்தான் மரபு என்கிறோம்.

அடுத்து இருப்பிட வரைபடம். இந்தியா, அதற்குள் தமிழ்நாடு, அதற்குள் மாவட்டம், அதற்குள் உங்கள் பொட்டல்காடு. இங்கே கிண்டலை நிறுத்திவிட்டு ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் உலக எல்லைக் கோப்புகளில் காஷ்மீர் நம் நில அளவைத் துறை காட்டுவதுபோல் இருக்காது. இந்திய எல்லையை அத்துறையின் படத்துக்கு மாறாக வரைந்து வெளியிடுவது 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். அரியலூர் கிளிஞ்சலைப் பற்றி எழுதப்போய்க் காஷ்மீர் விவகாரத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள். எல்லைக் கோட்டை நில அளவைத் துறையின் தளத்திலிருந்தே எடுங்கள்.

பழைய நிலைக்கு வருவோம். உங்கள் ஜியாலஜிக்கல் மேப். அதற்கு அளவு வேண்டும் என்பார்கள். மூலையில் 1:50,000 என்று எழுதிவிடுங்கள், வேலை முடிந்தது. பிறகு அந்தப் படம் பக்கத்தில் அடங்கவில்லை என்று டிடிபி கடைப் பையன் சுட்டியால் மூலையைப் பிடித்துப் பாதியாகச் சுருக்குவான். படம் சுருங்கும், எழுத்து மட்டும் 1:50,000 என்றே நிற்கும். இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர் என்று நம்பி அளக்கிறவருக்கு உங்கள் பத்துக் கிலோமீட்டர் ஆறு ஐந்து கிலோமீட்டரில் வற்றிவிடும். எண்ணுக்குப் பதிலாக ஒரு பட்டைக்கோடு வரைந்து அதன்மேல் கிலோமீட்டர் குறித்திருந்தால் அதுவும் படத்தோடு சேர்ந்து சுருங்கியிருக்கும், தப்பு வந்திருக்காது. ஆனால் அதை யாரும் பார்ப்பதில்லை. படத்தைச் சுற்றிய கட்டம் நேராக இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள்.

மாதிரி எடுத்த இடங்களைப் புள்ளி வைக்கும்போது இன்னும் சுவாரசியம். பழைய டோப்போ ஷீட் எவரெஸ்ட் கணக்கில் வரைந்தது. உங்கள் செல்போன் காட்டுவது டபிள்யூஜிஎஸ் 84. இரண்டையும் அப்படியே ஒட்டினால் புள்ளி நூறு மீட்டர், அதற்கு மேலும்கூட நகர்ந்துவிடும். 1:50,000 படத்தில் நூறு மீட்டர் என்பது இரண்டு மில்லிமீட்டர். இரண்டு மில்லிமீட்டரில் என்ன குடி முழுகிவிடும் என்று தோன்றும். நீங்கள் கண்டுபிடித்த ஒல்லியான டோலரைட் டைக் கரையேறி ஊர்க் கண்மாய்க்குள் இறங்கிவிடும், அவ்வளவுதான். அடுத்து வருகிற ஸ்காலர் அங்கே போய்த் தண்ணீரைச் சுத்தியலால் தட்டட்டும்.

வண்ணங்களைத் தாராளமாகப் பூசுங்கள். சர்வதேச அட்டவணையில் கிரிட்டேஷியஸுக்குப் பச்சை, ஜுராசிக்குக்கு நீலம் என்று வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு ரோஜா நிறம் பிடித்தால் அதையே வையுங்கள். எப்படியும் நூலகப் பிரதி கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ். அதில் கிரானைட்டும் நைசும் சார்னோக்கைட்டும் ஒரே சாம்பல். புள்ளி, கோடு, கூட்டல்குறி என்று நிறத்தோடு வடிவமும் சேர்த்துப் போடுகிறவர்கள் பழைய ஆட்கள், அவர்களை விடுங்கள்.

களப் புகைப்படத்தில் அளவுக்கு ஏதாவது வைக்க வேண்டும். சுத்தியல் வைக்கலாம். பாறையைவிடச் சுத்தியல் அழகாக விழும். நாணயம் வைப்பதானால் ஒரு ரூபாயே உசிதம்: பழையது 25 மில்லிமீட்டர், 2011-இல் வந்தது 22. எந்த ரூபாய் என்று சொல்லாவிட்டால் உங்கள் கார்னெட்டைப் படிப்பவர் தன் வசதிப்படி பெரிதாகவோ சிறிதாகவோ எடுத்துக்கொள்ளலாம். இன்னும் வசதியானது, நண்பரை நிற்க வைப்பது. கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு, ஒரு காலைப் பாறைமேல் வைத்து. படத்தின் கீழே ‘மடிப்பு அமைப்பைக் காண்க’ என்று எழுதுங்கள். மடிப்பு அவருடைய பேண்ட்டுக்குப் பின்னால் இருக்கிறது.

மைக்ரோஸ்கோப் படங்களிலும் பட்டைக்கோட்டைத் தவிர்த்து ‘40 மடங்கு’ என்று எழுதுங்கள். மேப்பில் செய்த அதே தவறை ஆயிரம் மடங்கு நுணுக்கமாகச் செய்த திருப்தி கிடைக்கும். ஒற்றைப் போலராய்டா, குறுக்குப் போலராய்டா என்பதையும் சொல்ல வேண்டாம். ஹைப்பர்ஸ்தீன் மேடையைச் சுழற்றும்போது இளஞ்சிவப்பும் பச்சையுமாக நிறம் மாறும். அது ஒற்றைப் போலராய்டில்தான் தெரியும். நீங்கள் குறுக்கில் எடுத்த படத்துக்குக் கீழே ‘நிறமாற்றம் தெளிவாகத் தெரிகிறது’ என்று துணிந்து எழுதுங்கள். அச்சில் எப்படியும் கரேல் என்றுதான் விழுந்திருக்கும்.

பாறை அடுக்கு அட்டவணைக்கு ஒரே விதி: மண்ணுக்குள் எப்படியோ தாளிலும் அப்படி. பழையது கீழே, புதியது மேலே. இதை நினைவில் வைக்க முடியாதவர்கள் அரியலூர் பக்கம் ஆய்வை வைத்துக்கொள்வது நல்லது. எக்செல்லில் ஆங்கில அகரவரிசைப்படி அடுக்கச் சொன்னால், ஏ-யில் தொடங்கும் அரியலூர் மேலே, டி-யில் தொடங்கும் திருச்சினாப்பள்ளி நடுவே, யூ-வில் தொடங்கும் ஊட்டத்தூர் அடியில். மூன்று குழுக்களும் அச்சுப் பிசகாமல் வயதுப்படி உட்காரும். நிலவியலே தெரியாமல் சரியான அட்டவணை போட உலகில் இதைவிடத் தோதான இடம் எனக்குத் தெரிந்து இல்லை. நின்னியூர் மட்டும் காரியத்தைக் கெடுக்கும்: எல்லாவற்றுக்கும் மேலே இருக்க வேண்டியது, என்-னில் (N) தொடங்குவதால் நடுவில் வந்து செருகிக்கொள்ளும். அதைக் கையால் தூக்கி மேலே வைத்துவிடுங்கள்.

வேதியியல் அட்டவணைகளில் தசமப் புள்ளிக்குப் பின் எக்செல் கொடுத்த அத்தனை இலக்கங்களையும் விடுங்கள். சிலிக்கா 63.4721987 சதவீதம் என்றால் ஒரு கம்பீரம். கருவிக்கு முதல் தசமத்திலேயே தடுமாற்றம் என்பது உங்களுக்கும் கருவிக்கும் மட்டும் தெரிந்தது. கூட்டுத்தொகை 100 வர வேண்டும் என்று சிலர் துடிப்பார்கள். மைக்ரோபுரோபில் பயோட்டைட் 95, 96 என்று வந்தால் அதுதான் சரி; அந்தக் கனிமத்துக்குள் இருக்கும் நீரைக் கருவி அளப்பதில்லை. அதையும் இழுத்து 100 ஆக்கிவைத்தால், விஷயம் தெரிந்த தேர்வாளர் அந்த ஒரு பக்கத்தில் நின்றுவிடுவார். அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை; சிலிக்காவின் 2 ஆக்சிஜனுக்குக் கீழே இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பதற்குள் பெரும்பாலோருக்கு நேரம் முடிந்துவிடும்.

கடைசி மூன்று நாள் டிடிபி கடையில்தான் வாசம். அங்கே வேலை செய்கிற அக்காவுக்கு உங்கள் கைடைவிட விதிமுறை தெரியும். முந்தின வாரம்தான் ஒரு கெமிஸ்ட்ரி, ஒரு காமர்ஸ் முடித்தனுப்பியிருப்பார். அவர் ‘ஆர்க்கியன்’ என்பதை ‘ஆர்யன்’ என்று திருத்தாமல் பார்த்துக்கொண்டால் போதும். ரெக்ஸின் அட்டை, தங்க எழுத்து, பின்னட்டையில் மேப் வைக்க ஒரு பாக்கெட். மேப்பைத் தலைப்பு வெளியே தெரியும்படி மடிக்க வேண்டும். இந்த மடிப்பை எந்தப் பல்கலைக்கழகமும் சொல்லித்தருவதில்லை.

வைவா அன்று எக்ஸ்டர்னல் அந்த மேப்பை எடுத்து விரிப்பார். வடக்கு அம்பைப் பார்க்க மாட்டார், அளவைப் பார்க்க மாட்டார், கண்மாய்க்குள் கிடக்கும் டைக்கையும் பார்க்க மாட்டார். திரும்ப மடிக்க வராமல் அவர் திணறும்போது எழுந்துபோய் மடித்துக் கொடுங்கள். அதன் பிறகு கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, 112-க்கு அடுத்து 114 வருகிறதே, நடுவில் ஒரு பக்கம் எங்கே என்பார். 113 இருக்கிறது சார், அட்டவணையைப் படுக்கைவாட்டில் போட்டதால் எண் பைண்டிங்குக்குள் போய்விட்டது என்று பணிவாகச் சொல்லுங்கள். குறித்துக்கொள்வார்.