துவக்குக்குத் துக்கம் கேட்க வந்தவர்கள்

லிந்துலைப் பக்கம் பழைய தோட்டத்துரை ஒருவர் கண்ணை மூடினால், துக்கம் கேட்க வருகிறவர்களில் பாதிப் பேரின் பார்வை படத்து மாலையில் நிற்பதில்லை. பக்கத்துத் துவக்கு அலமாரிக்குப் போய்விடுகிறது.

"மேடம், இதெல்லாம் துருப்பிடிச்ச இரும்பு. உங்களுக்கு ஏன் தொல்லை? நானே கொண்டு போயிடுறேன்."

துருப்பிடித்த இரும்பின் மேல் இவ்வளவு இரக்கமா! குழலடியில் இருக்கும் பர்மிங்ஹாம் முத்திரையை அதற்குள் இரண்டு முறை விரலால் தடவிப் பார்த்தாயிற்று.

அப்படிச் சும்மா துவக்கைக் கொண்டு போகிற காலம் எப்போதோ போய்விட்டது. 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்த மேஜர் ரோஜர்ஸ் ஆயிரத்துக்கும் மேல் யானைகளைச் சுட்டவராம். 'துவக்குக்கு அனுமதிப்பத்திரம் எங்கே' என்று அவரை யார் கேட்டார்கள்? 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிக் கட்டளைச் சட்டத்துக்குப் பிறகு கதை வேறு. அனுமதிப்பத்திரம் வருடா வருடம் டிசம்பர் 31இல் முடிந்துவிடும். அது ஆளுக்குக் கொடுத்தது, அலமாரிக்கு அல்ல. பத்திரமில்லாதவருக்குக் கைமாற்றினால் கொடுத்தவருக்கும் வழக்குத்தான்.

ஆகவே மேடம், முதலில் நுவரெலியா கச்சேரிக்கு அறிவியுங்கள். ஒவ்வொரு துவக்கின் இலக்கத்தையும் எழுதி வைத்து, இரண்டு மூன்று இடத்தில் விலை கேளுங்கள். இரக்கசாலிகளுக்குத் தேத்தண்ணி மட்டும் கொடுத்து அனுப்புங்கள்.