கிளமெண்டி மிராசுதார்

கிளமெண்டி அவென்யூ 3, புளோக் 448 உணவங்காடியில் காலை ஏழு மணிக்கு ஒருவர் கோப்பி ஓ குடித்தபடி, கைப்பேசியை வாய்க்கு நேரே படுக்கை வாட்டில் பிடித்துக்கொண்டு, "வாய்க்கால்ல தண்ணி வந்துடுச்சா? மடையைத் தொறந்து விட்டாச்சா?" என்று நாலு மேசைக்குக் கேட்கப் பேசினால், அவரிடம் கொஞ்சம் மரியாதையாக நடந்துகொள்ளுங்கள். அவர் மிராசுதார்.

அந்த நேரம் பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தில் மணி நாலரை. மறுமுனையில் இருக்கும் அண்ணன் மகன் போர்வைக்குள்ளிருந்தே "ஆச்சு சித்தப்பா" என்கிறான். இரண்டரை மணி நேர வித்தியாசம் இவருக்குத் தெரியாமல் இல்லை. "விவசாயின்னா நாலரைக்கு எந்திரிக்கணும்" என்பது இவர் கொள்கை. கொள்கை இவருடையது, எழுந்திருக்க வேண்டியவன் அண்ணன் மகன்.

கிளமெண்டி மிராசுதாருக்கு வயது ஐம்பத்தைந்துக்கு மேல். ஜூரோங் பக்கம் முப்பது வருடம் வேலை பார்த்தவர். நாலறை வீவக வீடு. தாழ்வாரத்தில் கறிவேப்பிலை, பாண்டான், ஒரு மிளகாய்ச் செடி. நடைபாதையில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்ற தீயணைப்பு விதியால் அந்த மிளகாய்ச் செடி இரண்டு முறை இடம் பெயர்ந்திருக்கிறது. பூங்காக்களில் 2.5 மீட்டருக்கு 1 மீட்டர் அளவில் பாத்தியை மூன்று ஆண்டுக்கு வாடகைக்குத் தரும் தேசியப் பூங்காக் கழகத்தின் திட்டத்தைப் பற்றிச் சொன்னால் சிரிப்பார். "எனக்கு ஊர்ல அஞ்சு மா இருக்கு" என்பார்.

மா என்பது தஞ்சாவூர்க் கணக்கு. மூன்று மா சேர்ந்தால் ஏறக்குறைய ஓர் ஏக்கர், இருபது மா ஒரு வேலி. ஐந்து மா என்றால் ஒன்றே முக்கால் ஏக்கருக்கும் குறைவு. ஊரில் இதை வைத்துக்கொண்டு மிராசுதார் என்று சொன்னால் பஞ்சாயத்துத் திண்ணையில் சிரிப்பார்கள். ஆனால் கிளமெண்டியில் இவர் ஏக்கர் என்று சொல்வதில்லை. சதுர அடியில் சொல்வார். எழுபதாயிரம் சதுர அடிக்கு மேல்! தம் நாலறை வீட்டைப் போல எழுபது வீடுகளைத் தரையில் பரப்பலாம் என்று காகிதத்தில் போட்டுக் காட்டுவார். அடுத்த வீட்டுச் சீனப் பெரியவர், "வா! பெரிய கம்போங் லா!" என்பார். அந்த 'வா'வுக்காகத்தான் கணக்கே.

அதில் இவர் பங்கு எவ்வளவு என்பது வேறு கணக்கு. பட்டா கூட்டுப் பட்டா. அண்ணன், இரண்டு அக்கா, காலமான பெரியப்பாவின் வாரிசுகள் என்று பத்திரத்தில் பெயர்கள் ஒரு கல்யாணப் பத்திரிகைக்குப் போதும். இவர் சிங்கப்பூர்க் குடிமகனாகி, இந்தியக் கடப்பிதழை ஒப்படைத்து, ஓசிஐ அட்டை வாங்கியவர். இந்திய அந்நியச் செலாவணி விதிகளின்படி இப்படிப்பட்டவர் அங்கே விளைநிலமோ தோட்டமோ பண்ணை வீடோ விலைக்கு வாங்க முடியாது. பரம்பரையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். விற்பதென்றால் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்கலாம். இந்த விதி தமக்கென்றே எழுதப்பட்டது என்று இவர் நம்புகிறார். "காசு கொடுத்தாக்கூடக் கிடைக்காதுங்க. பொறந்திருக்கணும்" என்பார். சிங்கப்பூரில் 99 வருடக் குத்தகை வீட்டில் இருந்துகொண்டு இதைச் சொல்லும்போது இவர் முகத்தில் தெரியும் ஒளிக்குச் சொத்து வரியே போடலாம்.

அந்த நிலத்து வீட்டில் விருந்தாளிகளுக்கு அறை வாடகைக்கு விட்டு இவர் நடத்துவது ஒரு பண்ணைத் தங்கல். அந்த யோசனை எப்படி வந்தது? விருந்தோம்பல் இவர் ரத்தத்தில் உண்டு, ஆனால் கிளமெண்டியில் அதற்கு இடமில்லை. வீவக வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விட்டாலும் ஆறு மாதத்துக்குக் குறையக்கூடாது. தனியார் வீடென்றால் மூன்று மாதம். இரண்டு ராத்திரிக்கு ஆள் வைத்துக் காலையில் ரொட்டி கொடுத்து அனுப்பினால் குற்றம். ஒருமுறை குடும்பத்தோடு கிராஞ்சிப் பக்கம் போய், பண்ணைக்கு நடுவே வில்லாக்கள் கட்டி ராத்திரிக் கணக்கில் வாடகைக்கு விட்டிருப்பதைப் பார்த்தார். அங்கே நிலம் குத்தகை, தவளைச் சத்தம் மட்டும் சொந்தம். வாடகையைக் கேட்டவர் மனைவியிடம் திரும்பி, "ஏங்க, நம்ம ஊர்ல தவளை சும்மாதானே கத்துது?" என்றார். மனைவியை 'ஏங்க' என்று கூப்பிட்டதிலேயே அவர் எவ்வளவு பதறிப்போயிருந்தார் என்பது தெரியும்.

மீதியைக் கஜா புயல் முடித்து வைத்தது. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் அது கரை கடந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. இவர் தாத்தா வைத்த மரங்களும் போயின. ஊரே அழுதது, இவரும் கிளமெண்டியில் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அண்ணனை அழைத்து, "அண்ணே, இப்ப அந்த எடம் நல்லா வெளிச்சமா இருக்குமே?" என்றார். அண்ணன் பதில் சொல்லவில்லை. அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு, மத்திய சேம நிதியிலிருந்து எடுக்க முடிந்ததை எடுத்தார்.

பழைய ஓட்டு வீட்டின் பின்கட்டில் இரண்டு அறைகள். குளிர்சாதனம். மேற்கத்தியக் கழிப்பறை. அண்ணன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார், ஒன்றைத் தவிர. "பூஜை அறைக்குப் பின்சுவர்ல கக்கூஸ் வேணாம்டா." அந்த ஒரு சுவருக்காக வாட்ஸாப்பில் நாலு மாதம் பேச்சுவார்த்தை நடந்தது. இறுதியில் கழிப்பறை இருந்த இடத்திலேயே இருந்தது. பூஜை அறை இடம் மாறியது. அண்ணன் மூன்று மாதம் பேசவில்லை. குடும்பமே சேர்ந்து நடத்தும் தொழில் என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறதே, அதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம்.

விளம்பரப் படம் தை மாதத்தில் எடுத்தது. சம்பா கதிர் முற்றி வயல் பொன்னாகக் கிடக்கும். ஆனால் கிளமெண்டியிலிருந்து யாரும் தையில் வருவதில்லை. பொங்கலுக்கு இங்கே பொது விடுமுறை கிடையாது. பள்ளி விடுமுறை ஜூனிலும் நவம்பர் டிசம்பரிலும். ஜூனில் போனால் வயல் வெடித்துக் கிடக்கும். மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது வழக்கம் என்றாலும், அந்தத் தண்ணீர் கல்லணை தாண்டிக் கடைமடைக்கு வந்து சேர்வதற்குள் விருந்தாளி ஊர் திரும்பியிருப்பார். டிசம்பரில் போனால் வடகிழக்குப் பருவமழையில் வயலும் வாய்க்காலும் பாதையும் ஒன்றாகியிருக்கும். "படத்துல இருக்கிற வயல் எது?" என்று கேட்பவர்களுக்கு அண்ணன் மகன் ஒரு திசையைக் கை காட்டுவான். காட்டுகிற திசை அவன் அன்று நிற்கும் இடத்தைப் பொறுத்தது.

விருந்தாளிகளுக்கு மரபான நடவு காட்ட வேண்டும் என்பது இவர் கட்டளை. ஏர் மாடு ஊரில் இல்லை. நாலு ஊர் தள்ளி ஒருவரிடம் ஒரு ஜோடி இருக்கிறது, அது படப்பிடிப்புக்கெல்லாம் போய் வருகிற ஜோடி. டிராக்டரை வைக்கோல் போருக்குப் பின்னால் மறைத்துவிட்டு மாட்டை இறக்கினார்கள். நடவுக்கு ஆள்? டெல்டாவில் இப்போது பல இடங்களில் நாற்று நடுவது மேற்கு வங்கத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வருகிற இளைஞர்கள். சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் நடவுப் பாட்டைப் பதிவு செய்ய ஆசைப்பட்டது. பையன்கள் உற்சாகமாகப் பாடினார்கள். வங்காளிப் பாட்டு. "பழைய தமிழ், அதான் புரியலை" என்று அண்ணன் மகன் விளக்கினான். அவன் தொழிலைக் கற்றுக்கொண்டு வருகிறான்.

காலைச் சாப்பாட்டில்தான் பெரிய சண்டை. மண்சட்டியில் பழைய சோறும் சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும் வைத்து ஆளுக்கு இருநூற்றைம்பது ரூபாய் வாங்கலாம் என்றார் மிராசுதார். அண்ணி கைப்பேசியை வாங்கினார்.

"தம்பி, வீட்டுக்கு வந்தவங்களுக்குப் பழசைப் போட்டுக் காசு வேற வாங்கணுமா? உங்கம்மா இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாங்க?"

"அண்ணி, இது ஹெரிடேஜ்."

"அது என்னவோ இருக்கட்டும். நான் இட்லி ஊத்திட்டேன்."

ஆகவே இட்லி. வெண்பொங்கல், கொத்சு, இரண்டு சட்னி. விருந்தாளிகள் விட்டுப்போகும் பாராட்டில் முக்கால்வாசி அண்ணியின் சட்னியைப் பற்றியதுதான். இவர் அதைப் படித்துவிட்டு, எதிரில் இருக்கும் காயா ரொட்டியைக் கடித்துக்கொண்டு, "கான்செப்ட் சரியாப் போய்ச் சேரலை" என்று வருந்துவார்.

நிர்வாகம் முழுக்கக் கிளமெண்டியிலிருந்து. திண்ணை, முற்றம், வாசல், மோட்டார் கொட்டகை என்று நாலு இடத்தில் கேமரா. மாலையில் வீட்டில் செய்தி ஓடும் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு இவர் தம் முற்றத்தைப் பார்ப்பார். "பசு மறுபடி திண்ணைக்கு வந்துடுச்சு பாரு" என்று மனைவியிடம் சொல்வார். பசு என்ன செய்தாலும் மனைவிக்கு அது மூன்றாம் ஆண்டுத் தொடர். கேமராவில் பேசும் வசதியும் உண்டு என்பதை இவர் கண்டுபிடித்த நாள் ஊருக்கே கெட்ட நாள். ராத்திரி ஒன்பது மணிக்கு ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருந்த ஒரு விருந்தாளி தலைக்கு மேலே, சுவரிலிருந்து ஒரு குரல்: "தம்பி, கொஞ்சம் மெதுவா. அது எங்க தாத்தா காலத்து ஊஞ்சல்." விருந்தாளி எழுந்து ஓடி அடுக்களைக்குள் புகுந்தார். அண்ணி கரண்டியைக் கீழே வைக்காமலே சொன்னார்: "பயப்படாதீங்க. எங்க கொழுந்தனார்தான். சிங்கப்பூர்ல இருக்காரு. உயிரோடதான் இருக்காரு."

அரசு அங்கீகாரம் வாங்கப் போனதில் ஒரு சிக்கல் வந்தது. இந்தியச் சுற்றுலா அமைச்சகத்தின் தங்கல் திட்டத்தில் ஓர் அறை முதல் ஆறு அறை வரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் உரிமையாளர் குடும்பத்தோடு அதே வீட்டில் வசிக்க வேண்டும். மிராசுதார் ஒரு வாரம் யோசித்தார். தாம் மனத்தால் அங்கேதான் வசிக்கிறோம் என்று ஒரு கடிதம் எழுதலாமா என்று மகளைக் கேட்டார். கென்ட் ரிட்ஜில் படிக்கும் அந்தப் பெண், "அப்பா, பெரியப்பா அங்க நெசமாவே வசிக்கிறாங்கல்ல?" என்றாள். விண்ணப்பம் அண்ணன் பெயரில் போனது. அன்றிலிருந்து தாளில் உரிமையாளர் அண்ணன், இவர் கேமரா.

அடுத்த வீட்டுச் சீனப் பெரியவர் ஒருமுறை மனைவியோடு நிஜமாகவே கிளம்பிவிட்டார். நாலு மணி நேரத்தில் திருச்சி, அங்கிருந்து காரில் பட்டுக்கோட்டை. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அதற்கான படிவத்தை இணையத்தில் பதிய வேண்டும். ஓடிபி அண்ணன் கைப்பேசிக்கு வரும். அண்ணன் கைப்பேசி மோட்டார் கொட்டகையில் இருக்கும். அண்ணன் மகன் வரப்பில் ஓடுவான். திரும்புவதற்குள் ஓடிபி காலாவதியாகும். பெரியவர் இந்த ஓட்டத்தைத் தினசரி நிகழ்ச்சி என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டார். அவருக்கு எல்லாமே பிடித்துப் போனது. ஊர் திரும்பியதும் மின்தூக்கியில் சந்தித்தவர்களிடமெல்லாம் சொன்னார்: "அங்கே ஒரு அக்கா இருக்கிறார், மிக நல்ல முதலாளி." மிராசுதாரும் அதே மின்தூக்கியில்தான் இருந்தார்.

இதில் லாபம் உண்டா என்று கேட்கக்கூடாது. கேட்டால், "பணத்துக்காகவா செய்றேன்?" என்பார். அது உண்மை. முப்பது வருடமாக ஊருக்குப் பணம் அனுப்பியவர். அனுப்பியதெல்லாம் கல்யாணமாகவும் படிப்பாகவும் கூரையாகவும் கரைந்து, யார் கொடுத்தது என்ற பேச்சே இல்லாமல் போய்விட்டது. அந்த நிலத்தில் தம் பேர் சொல்ல ஒரு வேலை நடக்க வேண்டும் என்பதுதான் ஆசை. உழுவதற்குத் தெரியாது. விற்பதற்கு மனம் வராது. குத்தகைக்கு விட்டால் திரும்பி வராதோ என்ற பயம் அப்பா காலத்திலிருந்தே உண்டு. மிச்சமிருப்பது விருந்தாளிதான். அவன் ரெண்டு நாளில் தானே போய்விடுவான். பட்டாவில் பேர் கேட்க மாட்டான்.

தீபாவளிக்கு இவர் ஊருக்குப் போனார். கிளம்புவதற்கு முன் அண்ணி அழைத்தார். "தம்பி, எத்தனை நாள்னு சரியாச் சொல்லுங்க. பின்கட்டு ரூமுக்குக் கோயம்புத்தூர்க்காரங்க கேட்டிருக்காங்க." இவர் தம் சொந்த அறைக்குச் செயலியில் முன்பதிவு செய்தார். குடும்பத் தள்ளுபடி பத்து சதவீதம்; அண்ணன் மகன் போட்ட விதி. நாலு நாள் தங்கினார். கேமராவில் பார்த்த முற்றத்தை நேரில் பார்த்தார், இட்லி சாப்பிட்டார், பசுவைத் திண்ணையிலிருந்து தம் கையாலேயே விரட்டினார். ஐந்தாம் நாள் திருச்சி விமான நிலையத்தில் உட்கார்ந்து நிதானமாக மதிப்பீடு எழுதினார். சாப்பாடு அருமை. அறை சுத்தம். உபசரிப்பு சொந்த வீட்டில் இருப்பது மாதிரி. நட்சத்திரம் மட்டும் நாலு. ஒன்றைக் குறைத்ததற்குக் காரணமும் எழுதியிருந்தார்: "தங்கியிருந்த நாலு நாளும் கேமராவிலிருந்து யாரும் பேசவில்லை. நிர்வாகம் கவனிக்க வேண்டும்."