விரைவுப் பயிற்சிக்கு ஒரு வாழ்த்துமடல்

பிரித்தானியாவில் பிளம்பிங்கும் வீட்டு வெப்பமூட்டலும் கற்கச் சேரும் அப்ரென்டிஸ் ஒருவருக்கு வகுத்திருக்கும் காலம் 48 மாதம். கேஸ் வேலையை மட்டும் கற்பவருக்கே ஒன்றரை ஆண்டு. அந்த ஆண்டுகளை வாரங்களாகச் சுருக்கி, வயது வந்தவர்களுக்குக் கடன் வசதியோடு வழங்கிவரும் விரைவுப் பயிற்சிப் பெருமக்களே, உங்களுக்கு இதுவரை எந்தத் தமிழ்ச் சங்கமும் பொன்னாடை போர்த்தவில்லை. அந்தக் குறையை இந்த மடல் தீர்க்கட்டும்.

முதலில் உங்கள் கனிவு. நாற்பது வயதில் வேலை போனவர், படையிலிருந்து விலகி வந்தவர், லண்டனில் ஈஸ்ட்ஹாமிலும் ஹாரோவிலும் பெட்ரோல் ஸ்டேஷனில் இரவெல்லாம் நின்று பகலில் தூங்கி, விழித்திருக்கும் பிள்ளையின் முகத்தை ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்க்கும் நம் தம்பிமார். இவர்களை மதித்து மணிக்கணக்கில் பேச இந்த நாட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? உங்கள் விற்பனையாளர் பெயர் சொல்லி அழைக்கிறார். குடும்பத்தை விசாரிக்கிறார். சொந்த வேன், சொந்த நேரம், நீங்களே முதலாளி என்று எதிர்காலத்தைக் கண்முன் விரித்துக் காட்டுகிறார். முன்பணம் கட்டும் நாள்வரை அந்தக் கனிவில் யாரும் குறை காண முடியாது. அதற்குப் பிறகு அதே எண்ணுக்கு அழைத்தால் வேறொரு பிரிவு எடுக்கிறது, அந்தப் பிரிவு மின்னஞ்சல் அனுப்பச் சொல்கிறது. அதையும் குற்றமாக நான் எழுதவில்லை. கனிவுக்கும் ஒரு காலக்கெடு உண்டென்று மாணவருக்கு நீங்கள் நடத்தும் முதல் பாடம் அது.

உங்கள் பயிற்சிக்கூடத்தின் சுத்தத்தையும் சொல்லத்தான் வேண்டும். பிளைவுட் தடுப்புகளில் வரிசையாகப் பாய்லர்கள், முன்மூடி கழற்றியபடி, நெஞ்சுயரத்தில். செப்புக்குழாய் கண்ணுக்கு நேராக வளைந்து மீட்டருக்குப் போகிறது. அழுத்தம் அளக்கும் மானோமீட்டரின் ரப்பர் குழாயை மீட்டரின் சோதனை முனையில் மாட்டுகிறார்கள். முதலில் அழுத்தத்தை 10 மில்லிபார் அளவுக்குக் கொண்டுவந்து, மூடிய வால்வு உள்ளுக்குக் கேஸை விடுகிறதா என்று ஒரு நிமிடம் பார்க்கிறார்கள். பிறகு 20க்கு ஏற்றி, நிலைகொள்ள ஒரு நிமிடம் விட்டு, அடுத்த இரண்டு நிமிடமும் நீர்மட்டத்தை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. செய்யச் செய்யக் கை தானாகப் போகிறது. இதில் பிழையில்லை. இந்தக் கசிவுச் சோதனையை இப்படித்தான் கற்க வேண்டும்.

அடுத்து தேர்வு. அடிப்படைக் கேஸ் பாதுகாப்புக்கு ஒன்று, பாய்லருக்கு ஒன்று, குக்கருக்கு ஒன்று, கேஸ் கணப்புக்கு ஒன்று என்று தனித்தனியே தேறவேண்டும். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். அந்தத் தேர்வுமுறை உங்களுடையதல்ல, நாட்டினுடையது. அதைக் கடக்காமல் உங்கள் மாணவர் எவரும் கேஸ் வேலைக்குக் கட்டாயமான கேஸ் சேஃப் பதிவேட்டில் ஏற முடியாது. அந்தக் கண்டிப்பின் பெருமையையும் உங்கள் விளம்பரத்தில் சேர்த்துக்கொள்ளும் உங்கள் பெருந்தன்மையை நான் குறித்துக்கொள்கிறேன்.

ஆனால் மேனர் பார்க்கில் ஒரு வீட்டுக்கு வந்து பாருங்கள். நூறு வருடத்துக்கு மேற்பட்ட வரிசை வீடு. பாய்லர் சமையலறை அலமாரிக்குள் இருக்கிறது. கதவைத் திறக்க அரிசி மூட்டையையும் எண்ணெய் டின்னையும் நகர்த்த வேண்டும். மீட்டர் மாடிப்படிக்கு அடியில், பழைய செருப்புகளுக்குப் பின்னால். இரண்டுக்கும் இடையில் குழாய் எந்தப் பலகைக்கு அடியில் போகிறது என்று வீட்டுக்காரருக்கே தெரியாது. முந்தைய சொந்தக்காரர் பின்புறம் ஓர் அறையை இறக்கிக் கட்டியிருக்கிறார், பாய்லரின் புகைபோக்கி வாய் இப்போது அந்த அறையின் ஜன்னலுக்கு அடியில் நிற்கிறது. இன்னொரு வீடு புது அடுக்குமாடி. அங்கே புகைபோக்கி கூரைத்தட்டுக்குள் மறைந்து ஓடுகிறது. அப்படி ஓடினால் இணைப்புகளைப் பார்க்கத் திறப்புகள் வைத்தாக வேண்டும் என்று 2013 முதல் கண்டிப்பாகக் கேட்கிறார்கள். ஏன் கேட்கிறார்கள்? இணைப்பு விட்டுப்போன குழாயிலிருந்து புகை எந்தப் படுக்கையறைக்குள் இறங்குகிறது என்று வெளியிலிருந்து எவராலும் சொல்ல முடியாது.

1998-ஆம் ஆண்டு கேஸ் பாதுகாப்பு விதிகளில் 26(9) என்ற ஒரு பிரிவு உண்டு. ஒரு சாதனத்தில் கைவைத்தவர் கருவிகளைப் பைக்குள் போட்டுக் கிளம்பும்முன் நான்கைப் பார்க்க வேண்டும்: புகை சரியாக வெளியேறுகிறதா, எரிவதற்குக் காற்று போதுமா, அழுத்தமோ வெப்ப அளவோ சரிதானா, சாதனம் ஆபத்தில்லாமல் இயங்குகிறதா. உங்கள் மாணவர்கள் இதை ஒப்பிப்பார்கள். புதுப் பாய்லரின் புகையில் கார்பன் மோனாக்சைடுக்கும் கார்பன் டையாக்சைடுக்கும் உள்ள விகிதம் 0.004ஐத் தாண்டக் கூடாது என்பதையும் சொல்வார்கள். பயிற்சிக்கூடத்தில் அந்த எண் ஒருநாளும் தாண்டாது. தாண்டும் பாய்லரின் முன் மண்டியிட்டு, பின்னால் கைக்குழந்தையோடு நிற்கும் பெண்ணிடம், "அக்கா, இதை இப்போதே நிறுத்தப் போகிறேன், இன்று ராத்திரி சூடு இருக்காது" என்று சொல்வது எந்தத் தடுப்பறையிலும் கற்றுத்தர முடியாதது. அதை ஒருவர் சொல்வதைப் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் கற்க முடியும்.

அப்படிப் பக்கத்தில் நின்று கற்ற காலத்தின் சான்றுத்தொகுப்புக்குத்தான் போர்ட்ஃபோலியோ என்று பெயர். பதிவுபெற்ற என்ஜினியர் ஒருவரோடு உண்மையான வீடுகளில் வேலை செய்து, செய்ததைப் படமும் குறிப்புமாகச் சேர்த்து, அவரிடம் கையொப்பம் வாங்க வேண்டும். பயிற்சியின் உயிர் இதில் இருக்கிறது. இதில்தான் உங்கள் விருந்தோம்பலைக் கண்டு வியக்கிறேன். இலை போட்டிருக்கிறீர்கள், தண்ணீர் தெளித்திருக்கிறீர்கள், உப்பும் ஊறுகாயும் வைத்து மொய்யும் வாங்கிவிட்டீர்கள். சோற்றை மட்டும் விருந்தாளியே போய்த் தேடிக்கொண்டு வரவேண்டும்.

அவரும் தேடுகிறார். தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர், கோவில் திருவிழாவில் வேன் நிறுத்தியிருந்தவர் என்று ஒவ்வொருவராக.

"அண்ணை, சம்பளம் ஒண்டும் வேண்டாம். சும்மா உங்களோட வாறன்."

"தம்பி, உமக்குச் சொல்லித் தந்துகொண்டு நிண்டால் எனக்கு ஒரு நாளைக்கு ரெண்டு வேலை குறையும். நீர் ஒரு பிழை விட்டா என்ர பதிவுதான் போகும். பார்ப்பம், ஃபோன் பண்ணும்."

அந்த அண்ணையை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் ஒற்றை ஆள், வேனில் ஒரு இருக்கைதான் காலி, அதிலும் குழாய்த்துண்டுகள். சம்பளமில்லாமல் ஒருவருக்கு ஆசானாக இருக்கச் சொல்லி அவரிடம் கேட்டது யார்? நீங்கள் கேட்கவில்லை. அவர் பெயர்கூட உங்களுக்குத் தெரியாது. ஆனாலும் உங்கள் பாடத்திட்டத்தின் முக்கால் பங்கு அவர் தோளில்தான் இருக்கிறது. ஊரில் உள்ள அத்தனை மூத்த தொழிலாளிகளையும் சம்பளப் பட்டியலில் சேர்க்காமலே உங்கள் ஆசிரியர்களாக்கிய நிர்வாகத் திறமைக்கு இணையேது?

உங்கள் வாய்மையையும் சொல்லாமல் விட்டால் மடல் நிறைவுபெறாது. நீங்கள் பொய் சொல்வதில்லை. களப்பயிற்சிக்கு "உதவுவோம்" என்றுதான் எழுதியிருக்கிறீர்கள், தருவோம் என்று எழுதவில்லை. வருமானத்தைப் பற்றி எழுதும்போது "வரை" என்ற சொல்லை மறக்காமல் சேர்த்திருக்கிறீர்கள். புகை அளக்கும் கருவியை மாணவரே வாங்க வேண்டும், அதை ஆண்டுதோறும் சரிபார்க்கக் கொடுக்க வேண்டும், வேன், காப்புறுதி, பதிவுக் கட்டணம் எல்லாம் தனி என்பதை நீங்கள் மறைத்ததில்லை. யாரும் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை, அவ்வளவுதான். பல ஆயிரம் பவுண்டுக் கடனில் மாதத் தவணை கட்டிக்கொண்டு, தேர்வுக்குக்கூடப் போக முடியாமல் பாதிப் போர்ட்ஃபோலியோவோடு மறுபடி இரவு வேலைக்கு நிற்பவர் ஒப்பந்தத்தை எடுத்து வரிவரியாகப் படித்தால், ஒவ்வொரு வரியும் உண்மையாகவே இருக்கும். மனைவியின் நகையை அடகு வைத்துப் படித்தவருக்கு அந்த உண்மையில் எந்த ஆறுதலும் இல்லை. எனக்கும் இல்லை.

நீங்கள் நிற்கும் இடத்தின் வரலாற்றையும் நினைவுபடுத்துகிறேன். ஈஸ்ட்ஹாம் இருக்கும் அதே நியூஹாம் நகரப் பகுதியில், கேனிங் டவுனில், ரோனன் பாயிண்ட் என்று 22 மாடிக் கட்டடம் ஒன்று இருந்தது. ஆட்கள் குடியேறி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. 1968 மே 16 அதிகாலை, 18-ஆவது மாடியில் ஒரு பெண் தேநீர் போடத் தீக்குச்சி உரசினார். கசிந்து நிறைந்திருந்த கேஸ் வெடித்தது. மூலைச் சுவர் பெயர்ந்து, அந்த மூலை முழுவதும் மாடிமேல் மாடியாகச் சரிந்தது. நான்கு பேர் இறந்தார்கள், 17 பேர் காயமடைந்தார்கள். குக்கருக்குப் போகும் குழாயை இணைத்த ஒரு பித்தளை நட்டு, தரம் குறைந்தது, உடைந்துபோயிருந்தது. அந்த மூலை சீட்டுக்கட்டாய் விழுந்ததற்குக் கட்டட அமைப்பின் குறை காரணம். ஆனால் தொடக்கம் உள்ளங்கையில் அடங்கும் அந்த நட்டு.

அதற்குப் பிறகுதான் கேஸ் வேலை செய்பவர்களைப் பதிவு செய்யும் கோர்கி அமைப்பு 1970-இல் வந்தது. பதிவில்லாமல் இந்த வேலை செய்யக் கூடாது என்ற கட்டாயம் 1991-இல் வந்தது. 2009 ஏப்ரல் 1 முதல் அந்த இடத்தில் கேஸ் சேஃப் பதிவேடு இருக்கிறது. செத்தவர்களை எண்ணி எண்ணி, வருடக்கணக்கில் கட்டிய வேலி இது. அந்த வேலியில் வாசல் எங்கே இருக்கிறது, அது எத்தனை வாரத்தில் திறக்கும் என்று கண்டுபிடித்தவர்கள் நீங்கள்.

இன்னும் ஒன்று. வெடிக்கும் கேஸாவது மணக்கும், மணப்பதற்கென்றே அதில் வாசனை சேர்த்திருக்கிறார்கள். சரியாக எரியாத கேஸ் தரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் பற்றும் இடத்தை அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு பற்றிக்கொள்கிறது. தலைவலி, தலைசுற்றல், குமட்டல் என்று குளிர்காலக் காய்ச்சல்போலத் தொடங்கும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை வலிக்கும், வெளியே போனால் சரியாகும். கதவு ஜன்னல் எல்லாம் அடைத்திருக்கும் ஜனவரி இரவில் வெளியே போவது யார்? கற்றது போதாமல் ஒருவர் விட்டுவிட்டுப் போன வேலைக்குக் கணக்குத் தீர்ப்பது, உங்கள் அலுவலகத்துக்கு ஒருபோதும் வராத ஒரு குடும்பம்.

பெரியவர்கள் தொழில் மாறக் கூடாதென்று நான் சொல்லவில்லை. மாறத்தான் வேண்டும். ஐம்பது வயதில் நல்ல கேஸ் என்ஜினியரானவர்கள் இருக்கிறார்கள். வாழ்க்கையில் அடிபட்டு வந்தவர் அடுத்தவர் வீட்டில் கூடுதல் கவனத்தோடு நடந்துகொள்வார். வெப்பமூட்டல் கம்பெனிகளோடு முன்கூட்டியே பேசி, ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் என்ஜினியரைக் காட்டி, அதன் பிறகே பணம் வாங்கும் பயிற்சி நிலையங்களும் உண்டு. அவர்களுக்கு இந்த மடல் பொருந்தாது. அவர்கள் பயிற்சிக் காலத்தை மாதக்கணக்கில் சொல்கிறார்கள், அதனால் விளம்பரத்தில் உங்களுக்குப் பின்னால்தான் நிற்கிறார்கள்.

இனி இதைப் படிக்கும் தம்பி, தங்கையிடம். பணம் கட்டும்முன் ஒன்றைக் கேளுங்கள்: எந்த என்ஜினியரோடு, எந்த மாதத்திலிருந்து, எத்தனை வாரம் நான் வீடுகளுக்குப் போவேன்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். எழுத்தில் தர மறுத்தால் அங்கே சேராதீர்கள். தொலைபேசியிலோ இணையத்திலோ ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டீர்களென்றால், 2013-ஆம் ஆண்டு நுகர்வோர் ஒப்பந்த விதிகளின்படி பொதுவாக 14 நாளுக்குள் அதை ரத்து செய்யலாம். நூறு பவுண்டுக்கு மேல், முப்பதாயிரத்துக்குள் விலையுள்ள பயிற்சிக்கு முன்பணத்தையாவது கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், சொன்னதைத் தராத நிலையத்தோடு சேர்த்து அந்தக் கார்டு கொடுத்த வங்கியிடமும் பணத்தைக் கேட்க 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவு இடம் தருகிறது.