நூற்றுக்கு எட்டு

1974 ஜூன் 26. ஜெர்மனியின் கொலோன் நகரில் ஹெர்ஸ்டாட் என்றொரு வங்கி, அந்நியச் செலாவணிச் சூதாட்டத்தில் ஓட்டாண்டியாகி, பிற்பகலில் ஷட்டரை இறக்கியது. எதிராளிகள் தர வேண்டிய மார்க்கை அதற்குள் வாங்கிப் போட்டுக்கொண்டாயிற்று. பதிலுக்கு டாலர் தர வேண்டிய நியூயார்க்கில் அப்போதுதான் காலை. கொடுத்தவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள்.

பணக்கார நாடுகளின் மத்திய வங்கித் தலைவர்கள் பதறிப்போய், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஒரு கமிட்டி போட்டார்கள். கமிட்டியாயிற்றே, அவசரப்படுமா? 14 வருஷம் கழித்து, 1988-இல், சுமார் 30 பக்கத்துக்கு ஓர் ஒப்பந்தம் வந்தது. சாரம் இதுதான்: நூறு ரூபாய் கடன் கொடுத்தால் எட்டு ரூபாய் உன் சொந்த மூலதனமாக இருக்கட்டும்.

அதிலும் பந்தி பிரித்தார்கள். பணக்கார நாடுகளின் சங்கமான ஓ.இ.சி.டி.யில் உறுப்பினரா? அந்த அரசுக்குக் கொடுக்கும் கடனுக்கு மூலதனமே வேண்டாம். அந்நாட்டு வங்கிக்கு எட்டில் ஐந்தில் ஒரு பங்கு. வீட்டுக் கடனுக்குப் பாதி. கம்பெனிக் கடன் என்றால் முழு எட்டு. எண்ணெய்ச் சக்கரவர்த்தியானாலும் சரி, நாளைக்கே மஞ்சள் கடுதாசி கொடுக்கப்போகிறவரானாலும் சரி. தென்கொரியா 1996 டிசம்பரில் சங்கத்தில் சேர்ந்தது. மறு டிசம்பரில் ஐ.எம்.எஃப். வாசலில் நின்றது.

இப்போது எக்ஸான். 1989-இல் அதன் எண்ணெய்க் கப்பல் அலாஸ்காவில் பாறையில் ஏறிக் கடலையே கறுப்பாக்கியது. அபராதம் 500 கோடி டாலர் வரை போகலாம் என்ற பயத்தில், ஜே.பி.மார்கன் வங்கியிடம் 480 கோடி டாலர் கடன் வசதி கேட்டது. பழைய வாடிக்கையாளர், முகத்தை முறிக்க முடியாது. கொடுத்தாலோ வட்டி சொற்பம், மூலதனம் முடங்கும். அந்த வங்கியில் இருபது சொச்சம் வயதிலிருந்த பிளைத் மாஸ்டர்ஸும் சகாக்களும் வழி கண்டுபிடித்தார்கள். லண்டனிலுள்ள ஐரோப்பிய மறுகட்டமைப்பு வளர்ச்சி வங்கியிடம், "வருஷா வருஷம் கட்டணம் தருகிறோம், எக்ஸான் கவிழ்ந்தால் நஷ்டம் உங்களுடையது" என்று பேசி முடித்தார்கள். கடன் நியூயார்க் ஏட்டிலேயே இருந்தது. பயம் மட்டும் லண்டனுக்குக் குடிபோனது.

ருசி கண்டாயிற்று, விடுவார்களா? 1997-இல் 307 கம்பெனிகளின் 970 கோடி டாலர் கடனை ஒரே மூட்டையாகக் கட்டினார்கள். 70 கோடிக்கு மட்டும் பத்திரம் விற்று, "முதல் நஷ்டம் பத்திரம் வாங்கியவர்கள் தலையில். மீதிக்கு ஆபத்து அண்டவே அண்டாது" என்றார்கள்.

அண்டாத ஆபத்துக்கும் காப்பீடு விற்க ஏ.ஐ.ஜி. வந்து சேர்ந்தது. அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் பாரிஸில் சொந்தமாக ஒரு வங்கி எதற்கு? ஓ.இ.சி.டி. நாட்டு வங்கியின் உத்தரவாதம் கிடைத்தால் எட்டு ரூபாய் 1.60 ஆகிவிடுமே! லாபம் கிட்டத்தட்ட அதேதான். அதை மூலதனத்தால் வகுக்கும்போது, வகுக்கும் எண் சின்னதானால் ஈவு பெரிசாகும். இந்த ஐந்தாம் வகுப்புக் கணக்குக்குத்தான் பங்குச் சந்தை ஆரத்தி எடுத்தது.

ஏ.ஐ.ஜி. ஒன்றையும் ஒளிக்கவில்லை என்பது என்னை இன்றும் சிரிக்க வைக்கிறது. 2007 ஆண்டறிக்கையிலேயே எழுதியிருந்தது: 52,700 கோடி டாலர் உத்தரவாதத்தில் 37,900 கோடி, பெரும்பாலும் ஐரோப்பிய வங்கிகளின் மூலதனச் சுமையை இறக்கிவைக்கக் கொடுத்தது என்று. வேடிக்கை, ஆளைக் கவிழ்த்தது அந்தப் பெரிய பங்கு அல்ல. அமெரிக்க வீட்டுக் கடன் பத்திரங்களுக்குத் தந்த சின்னப் பங்கு. 2008 செப்டம்பரில் அமெரிக்க மத்திய வங்கி 8,500 கோடி டாலரோடு ஓடிவந்தது. ஆரத்தி எடுத்த அதே பங்குச் சந்தையில், 2007 தொடக்கத்தில் ஐம்பது டாலருக்கு மேல் விற்ற சிட்டி வங்கிக் குழுமத்தின் பங்கு, 2009 மார்ச்சில் ஒரு டாலருக்குக் கீழே இறங்கியது.

பாசல்காரர்கள் மறுபடி உட்கார்ந்தார்கள். இந்த முறை 616 பக்கம். கஷ்டகாலம் வந்தால் தானே பங்காக மாறுகிற, அல்லது அழிந்தேபோகிற ஒரு வகைக் கடன் பத்திரத்தையும் மூலதனமென்று ஏற்றுக்கொண்டார்கள். வங்கிகள் வாரி வாரி விற்றன.

2023 மார்ச்சில், பாசலிலிருந்து ரயிலேறினால் ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய சூரிக்கில், கிரெடிட் சூயிஸ் வங்கி சாய்ந்தது. இன்னொரு வங்கியான யு.பி.எஸ். அதை 300 கோடி பிராங்குக்கு வாங்கி, நஷ்டத்தை முதலில் சுமக்க வேண்டிய பங்குதாரர்களுக்குத் தன் பங்குகளாகக் கொடுத்தது. அவர்களுக்கு முன்னால் வரிசையில் நின்ற அந்த வகைப் பத்திரக்காரர்களின் 1,600 கோடி பிராங்க்? ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பூஜ்யம். திங்கட்கிழமை வக்கீல்களுக்கு நல்ல வியாபாரம்.